சக்கர நாற்காலியின் பின்னே நின்ற நண்பர்

நோய் ஒருவரின் உடலுக்கு மட்டும் வருவதில்லை. அவருடைய வீட்டுக்கும் சேர்த்தே வருகிறது. ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்ற செய்தி பரவிய முதல் வாரத்தில் அவ்வீட்டு வாசலில் காலணிகள் நிறைந்திருக்கும். கூடத்து மேசையில் பழங்களும் ஹார்லிக்ஸ் புட்டிகளும் இடமின்றிக் குவியும். மாதங்கள் செல்லச் செல்ல வருகை குறையும். ஆண்டொன்று கழிந்தால், வருபவர் மருந்துக்கடைப் பையனும் மருத்துவமனைச் செவிலியும் மட்டுமே.

வராமற்போனவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். ‘போய் என்ன பேசுவது? அவரை அந்நிலையில் எவ்வாறு காண்பது?’ என்ற தயக்கமே பலரைத் தடுத்துவிடுகிறது. பிறகு, ‘இத்தனை நாள் போகாதிருந்துவிட்டு இப்போது எந்த முகத்துடன் போவது?’ என்ற கூச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நல்ல நட்புகள் பல, பகையேதுமின்றியே அறுந்துபோகின்றன.

அத்தகைய தயக்கத்தை வென்ற நட்பு ஒன்று இத்தாலி நாட்டுக் கால்பந்து உலகில் இருந்தது.

ஸ்டெஃபானோ போர்கோனோவோ 1964ஆம் ஆண்டு வட இத்தாலியில் பிறந்தவர். கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட முன்கள ஆட்டக்காரர். கோமோ என்னும் ஏரிக்கரை நகரத்து அணியில் வளர்ந்து, பின்னர் மிலான் அணிக்கு உரியவராகி, 1988ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நகரின் ஃபியோரென்டினா அணிக்கு ஆட வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த இணை ராபர்ட்டோ பாஜியோ. போர்கோனோவோவைவிட மூன்று வயது இளையவர்.

பாஜியோ அந்நகருக்குக் கடன்பட்டவர். 1985இல், பதினெட்டே வயதில், ஃபியோரென்டினா அணி அவரை ஒப்பந்தம் செய்த சில நாட்களுக்குள் முழங்கால் மூட்டு சிதைந்துபோயிற்று. இனி ஆட இயலுமா என்பதே ஐயமாக இருந்தது. அணியினர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் அவரைக் கைவிடவில்லை. அறுவைச் சிகிச்சைகள் முடிந்து அவர் தேறும்வரை பொறுத்திருந்தனர். வலியும் காத்திருப்புமாகக் கழிந்த அக்காலத்தில்தான் அவர் பௌத்த நெறியைத் தழுவினார். பெரும்பாலோர் கத்தோலிக்கரான நாட்டில் அது அரிய செய்தியாகப் பேசப்பட்டது. உடல் முடங்கியவனின் அருகே பிறர் நிற்பதன் பொருள் என்ன என்பதை அவர் இளமையிலேயே கற்றிருந்தார்.

1988-89 போட்டிப் பருவத்தில் இவ்விருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை ஃபிளாரன்ஸ் மக்கள் இன்றும் பேசுவதுண்டு. இத்தாலியின் முதல்நிலைத் தொடரில் அவ்வாண்டு பாஜியோ 15 கோல்களும், போர்கோனோவோ 14 கோல்களும் அடித்தனர். இருவர் பெயரும் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்குவதால் ‘பி டூ’ என்றே அந்த இணைக்குப் பெயர் வழங்கிற்று. ஒருவர் பந்தைத் தட்டினால் மற்றவர் எங்கே நிற்பார் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்ற அளவுக்கு அவர்களிடையே புரிதல் இருந்தது.

அவர்கள் ஒன்றாக ஆடியது அந்த ஒரு பருவம் மட்டுமே. போர்கோனோவோ மிலான் அணிக்குத் திரும்பினார். 1990இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில், மியூனிக் நகரில், கூடுதல் நேர ஆட்டத்தில் அவர் அடித்த ஒரு கோலே மிலான் அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றது; கோப்பையையும் அவ்வணியே வென்றது. பாஜியோ வேறு அணிகளுக்குச் சென்று, 1993இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்று உலகப்புகழ் அடைந்தார். போர்கோனோவோ 1996இல் ஓய்வு பெற்று, கோமோ நகரில் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியில் அமைந்தார். மனைவி, நான்கு பிள்ளைகள் என்று வாழ்வு சீராகச் சென்றது. இருவர் பாதைகளும் வெவ்வேறாயின. உடன் படித்தவர்கள், உடன் பணிபுரிந்தவர்கள் வாழ்வில் நேர்வதும் இதுவே.

பின்னர் நோய் வந்தது. ஏ.எல்.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் இயக்க நரம்பணு நோய் அது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசைகளுக்குக் கட்டளையிடும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும். கட்டளை வாராத தசை மெலிந்து செயலற்றுப்போகும். கை தளரும், கால் நடக்காது, நாக்கு புரளாது, உணவு விழுங்க இயலாது, முடிவில் மூச்சுக்கும் கருவியின் துணை வேண்டும். இந்நோயின் கொடுமை இதனுடன் முடிவதில்லை. பெரும்பாலோர்க்கு அறிவு மங்குவதில்லை. செவி கேட்கும், கண் காணும், தொட்டால் உணர்வு தெரியும். அறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் புரியும். மறுமொழி கூறத்தான் இயலாது. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

இத்தாலிய ஆட்டக்காரர்களிடையே இந்நோயைக் குறித்துத் தனியானதோர் அச்சம் நிலவிற்று. 2005ஆம் ஆண்டு அந்நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். 1970 முதல் 2001 வரை முதலிரு நிலைத் தொடர்களில் இடம்பெற்ற 7,325 வீரர்களை ஆராய்ந்ததில் ஐவருக்கு இந்நோய் கண்டிருந்தது. பொதுமக்களிடையே காணும் அளவின்படி அத்தனை பேரில் ஒருவருக்கு வந்திருந்தாலே மிகுதி. இதன் காரணம் இன்னதென்று இன்னும் உறுதியாகவில்லை. நோயுற்ற பழைய தோழரைக் காணச் செல்பவர் தம் எதிர்காலத்தையே அங்கே காண்பதுபோல் அஞ்சுவது இயல்பு. போகத் தயங்கியவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

போர்கோனோவோ சில காலம் தம் நோயை வெளியுலகுக்குத் தெரிவிக்காமலே இருந்தார். ஆயிரமாயிரம் கண்கள் தம் ஓட்டத்தைக் கண்டு மகிழ்ந்திருக்க, அசையவும் இயலாத உடலை அவர்களுக்குக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் 2008 செப்டம்பரில், மறைத்தது போதும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு எஞ்சியிருந்த மொழி கண்ணசைவு ஒன்றே. எதிரேயுள்ள திரையில் எழுத்துகள் தோன்றும். விழி எந்த எழுத்தில் நிலைக்கிறது என்பதைக் கருவி கண்டுகொள்ளும். எழுத்துகள் சொல்லாகி, செயற்கைக் குரலாக ஒலிக்கும். அவ்வாறே தம் நோயை அவர் நாட்டுக்கு அறிவித்தார்.

அடுத்த மாதமே நண்பர்கள் திரண்டனர். 2008 அக்டோபர் 8ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நகரின் அர்த்தேமியோ ஃபிராங்கி விளையாட்டரங்கில், போர்கோனோவோ ஆடிய ஃபியோரென்டினா, மிலான் ஆகிய இரு அணிகளும் அவருக்காக ஓர் ஆட்டம் ஆடின. அன்றைய வீரர்களுடன், வயது முதிர்ந்த பழைய தோழர்களும் காலணி கட்டிக் களமிறங்கினர். ஆட்டத்தின் வருவாய் நோய்க்கு எதிரான பணிக்கென ஒதுக்கப்பட்டது.

அன்று யார் வென்றார்கள் என்பதை எவரும் பெரிதாக நினைவில் கொள்ளவில்லை. நினைவில் நின்றது ஒரு காட்சி. மூச்சுக் கருவி பொருத்தப்பட்ட நிலையில் சக்கர நாற்காலியில் போர்கோனோவோ. அந்நாற்காலியைப் பின்னின்று தள்ளிக்கொண்டு களத்துக்குள் வந்தவர் பாஜியோ. ஒன்றாக ஆடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. நாற்காலியைத் தள்ளச் செவிலியர் இருந்தனர், பணியாளர்களும் இருந்தனர். ஆயினும் அதைத் தள்ளும் உரிமை தமக்கே என்பதுபோல் நண்பர் நின்றார்.

அக்காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. போர்கோனோவோவை அவர்கள் மருத்துவமனை அறையில் மட்டும் கண்டு, நிதியைக் கையளித்துத் திரும்பவில்லை. அவர் எந்தப் புல்தரையில் ஓடினாரோ அங்கேயே அவரை அழைத்து வந்தனர். நோயாளி என்ற அடையாளம் ஒருவரின் மற்ற அடையாளங்கள் அனைத்தையும் விழுங்கிவிடும். மகன், தந்தை, ஆசிரியர், ஆட்டக்காரர் என்பனவெல்லாம் மறைந்து, ‘பாவம், படுத்திருப்பவர்’ என்பது ஒன்றே மிஞ்சும். நண்பர்கள் அன்று அவருக்குத் திருப்பித் தந்தது அந்தப் பழைய அடையாளத்தை. அன்று அரங்கில் இருந்தோர் கண்டது ஃபியோரென்டினாவின் முன்கள வீரரை.

அதன் பின் அவர் ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். அக்காலம் வீணே கழியவில்லை. அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை, நோய் பற்றிய ஆய்வுக்கும் நோயுற்றோர்க்கும் துணைநின்றது. 2010இல் அவருடைய தன்வரலாற்று நூல் வெளிவந்தது. கண்ணசைவால் உருவான அந்நூலுக்கு ‘பிறவி முன்கள வீரன்’ என்ற பொருள் தரும் தலைப்பைச் சூட்டினார். விரலசைக்க இயலாத மனிதர் தம்மை அப்போதும் முன்கள வீரனாகவே கருதினார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2013 ஜூன் 27ஆம் நாள், 49ஆம் வயதில், அவர் காலமானார்.

‘அத்தனை பேர் திரண்டும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே, பிறகு என்ன பயன்?’ என்று கேட்கத் தோன்றும். உண்மைதான். நட்பு மருந்தன்று, நரம்பணுவின் அழிவை அது தடுக்காது. ஆனால் நோயோடு கூடவே வரும் தனிமை என்ற மற்றொரு நோய்க்கு நட்பைத் தவிர வேறு மருந்தில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும் இதனை ஒத்த வரலாறு ஒன்று உண்டு. கால்பந்தோடு உறவுடைய ரக்பி ஆட்டத்தில் ராப் பரோ, கெவின் சின்ஃபீல்ட் இருவரும் நெடுங்காலம் ஒரே அணியில் ஆடியவர்கள். 2019 டிசம்பரில் பரோவுக்கு இதே நோய் கண்டது. மறு ஆண்டு டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாட்களில் ஏழு மாரத்தான் ஓட்டங்கள் ஓடினார். ஏழு என்பது பரோவின் சட்டை எண். ஒவ்வொரு நாளும் 42 கிலோமீட்டருக்கு மேல். இருபது இலட்சம் பவுண்டுக்கும் கூடுதலாக நிதி சேர்ந்தது. அவர் அத்துடன் நிறுத்தவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நண்பருக்காக ஓடினார். 2023 மே மாதம் லீட்ஸ் நகரில் நடந்த மாரத்தானில் பரோவைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தொலைவும் தள்ளிச்சென்றார். எல்லைக்கோட்டை நெருங்கியதும் நின்று, நண்பரை இரு கைகளாலும் தூக்கி, சுமந்தபடியே கோட்டைக் கடந்தார். 2024 ஜூன் 2ஆம் நாள், 41ஆம் வயதில், பரோ மறைந்தார். மறுநாளே, இந்நோய்க்கென அந்நகரில் அவர் பெயரால் அமையவிருந்த சிகிச்சை மையத்தின் கட்டுமானப் பணி தொடங்கியது. குடும்பத்தினர் துயரத்தின் நடுவிலும் அந்நிகழ்வுக்கு வந்திருந்தனர்.

இவை புகழ்பெற்றோர் வரலாறு. அரங்கமும் ஆயிரக்கணக்கான மக்களும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இவர்கள் செய்தவற்றுள் இன்றியமையாதது எதுவோ, அதற்குப் பொருளும் வேண்டியதில்லை, புகழும் வேண்டியதில்லை.

நோயுற்றவரைக் காணச் செல்பவர் முதலில் அவருடன் பேசவேண்டும். பலர் வீட்டுக்குள் நுழைந்ததும், படுத்திருப்பவரின் தலைக்கு மேலாக அவர் மனைவியிடம், ‘சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?’ என்று கேட்பார்கள். படுத்திருப்பவர் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு குழறினால் பொறுத்திருந்து கேட்கலாம். பேச்சே இல்லையெனில் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். நோயைப் பற்றியே பேசாமல், இருவரும் சேர்ந்து செய்த பழைய குறும்புகளைப் பேசலாம். அலுவலகத்தில் அவர் தீர்த்துவைத்த சிக்கலையோ, திருவிழாவில் அவர் ஏற்று நடத்திய அன்னதானத்தையோ நினைவூட்டலாம்.

அடுத்து, பணிவிடை செய்பவரை மறந்துவிடலாகாது. ஓராண்டாகக் கோயில் வாசலைக் காணாத மனைவிமார் எத்தனையோ பேர். ‘இரண்டு மணி நேரம் அண்ணனுடன் இருக்கிறோம், நீங்கள் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்பவர், கூடை நிறையப் பழம் கொண்டுவருபவரைவிடப் பெரிய உதவி செய்தவராவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மீண்டும் செல்லவேண்டும். முதல் வாரத்துக் கூட்டத்தில் ஒருவராக இருப்பது எளிது. ஆறாம் மாதத்தில் செல்பவரே நோயாளியின் நெஞ்சில் நிற்பவர். நெடுநாள் செல்லாதிருந்தவர் அதற்குச் சமாதானம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் நாற்காலியின் பின்னே வந்து நின்ற நண்பரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில், பலரும் கடந்துபோகும் தெருவில், அத்தகைய வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். வரும் வெள்ளிக்கிழமை அங்கே படியேறலாம். படுத்திருப்பவர் பிரசாதம் உண்ண இயலாதவராக இருக்கக்கூடும். அவர் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இட்டு, பெயர் சொல்லி அழைத்து, சற்று நேரம் அருகே அமர்ந்திருந்து வரலாம்.