உட்காணும் கருவியும் சர்க்காரின் கடமையும்

இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் புற்றுநோயை இளம் பருவத்திலேயே கண்டறியும் வித்தை இன்று வெகுவாக முன்னேறியிருக்கிறது. இதன் மூலத்தில் பாரத புத்திரர் ஒருவரின் உழைப்பும் உண்டென்பதை நம்மவரில் அநேகர் அறியார்.

பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்தவர். மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால், அது வளைந்த நிலையிலும் ஒரு முனையிலுள்ள உருவத்தை மறுமுனைக்குக் கொண்டுவரும் என்று 1954-ல் இருவரும் வெளியிட்டனர். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்னும் வைத்தியர் லண்டன் சென்று விசாரித்தறிந்து, அமெரிக்காவின் மிச்சிகனில் தோழர்களுடன் உழைத்து, 1957-ல் வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்து முடித்தார். அதை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே இறக்கிக்கொண்டார்! பிற்காலத்தில், 2009-ல், கண்ணாடி இழை ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கபானிக்கு அதில் பங்கில்லை. நம்மவர் வருந்துவது இயல்பே. ஆனால் பரிசு போனது சிறிய நஷ்டம். பயன் நம் ஜனங்களுக்கு வந்து சேராததே பெரிய நஷ்டம்.

யுத்தத்தில் நொறுங்கிய ஜப்பான், இரைப்பைப் புற்றுநோயால் வாடும் தன் ஜனங்களுக்காக, வயிற்றுக்குள் இறக்கிப் படமெடுக்கும் சிறு காமிராவை 1950-லேயே செய்தது. இன்று உலகச் சந்தையில் விற்கும் எண்டோஸ்கோப்புகளில் பெரும்பகுதி மூன்று ஜப்பானியக் கம்பெனிகளுடையவை. வெண்ணிற ஒளிக்குப் பதில் நீலமும் பச்சையுமான குறுகிய ஒளியை வீசும் முறையும் அங்கிருந்தே வந்தது. இரத்தம் அவ்வொளியை விழுங்குவதால் சவ்விலுள்ள நுண்ணிய நாளங்கள் கறுத்துத் தெரிகின்றன. அவற்றின் ஒழுங்கு சிதைந்திருக்கும் இடத்தில் நோயின் தொடக்கம் பிடிபடுகிறது. அங்ஙனம் ஆரம்பத்திலேயே கண்டு இரைப்பைப் புற்றை அகற்றப்பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் கடந்தும் பிழைத்திருக்கின்றனர். 50 வயது கடந்தோருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இச்சோதனையை நகரசபைகள் நடத்த 2016-ல் அந்நாட்டுச் சர்க்கார் வழிசெய்தது.

அவர்களைப் போல் நாமும் எல்லோரையும் சோதிக்க வேண்டுமென்று கூறவில்லை. அவர்களிடம் அந்நோய் மிகுதி. ஆனால் விழுங்கக் கஷ்டம், காரணமற்ற மெலிவு, கறுத்த மலம், தீராத சோகை என்று வருகிறவரை வெறும் மாத்திரையோடு திருப்பியனுப்புவது அநியாயம். நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளிப்படுவதற்கு இவ்வசிரத்தையும் ஒரு காரணம்.

யந்திரம் வாங்கிவிட்டால் போதுமென்பாரும் உளர். போலந்தில் நான்கு நிலையங்களில் நடந்து 2025-ல் வெளியான ஆராய்ச்சியை அவர்கள் கவனிக்கட்டும். செயற்கை நுண்ணறிவின் துணையோடு பெருங்குடலைச் சோதித்துப் பழகிய வைத்தியர்கள், அத்துணையின்றிச் சோதித்தபோது, கட்டி கண்டுபிடிக்கப்பட்டோர் நூற்றுக்கு 28-லிருந்து 22 ஆகக் குறைந்துவிட்டனர். பயின்ற கண்ணுக்கு ஈடு வேறில்லை.

ஆகவே ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி வாங்கும் பணத்தோடு, வைத்தியரைப் பயிற்றவும், கருவியைச் சுத்தி செய்யும் ஊழியரை நியமிக்கவும், அக்கருவியை உள்நாட்டிலேயே செய்யவும் தனித்தொகை ஒதுக்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.