மே மாதத்து நாய்க்குட்டி

சித்திரை பிறந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கும். ஒன்று நுங்கு, மற்றொன்று நாய்க்குட்டி. நுங்கைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. நாய்க்குட்டி வாங்குகிறவர்களைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொன்னால் சொந்தபந்தங்களில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அதற்குத் துணிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது வத்திராயிருப்பில். மேற்கே எழுந்து பார்த்தால் மலை, கீழே குனிந்து பார்த்தால் நெல்லும் தென்னையும். 2025இல் கைபேசியில் ஓடிய ஏதோ படத்தினால் பக்கத்துக் கூமாபட்டிக்குத் திடீர்ப் புகழ் வந்து, பிளவக்கல் அணையைப் பார்க்க ஜனங்கள் வண்டி வண்டியாய் வந்தார்கள். என் வீட்டுக்கு அப்படி எந்தப் படமும் தேவைப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் மூடினால் போதும், பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலைந்து உருப்படிகள் இறங்கிவிடும். என் மைத்துனர், அவர் மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பையன்கள், எண்ணிக்கைக்கு அடங்காத பைகள். ஒரு மாதம் வீடு வீடாக இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தோட்டம் உண்டு. ஒரு கிணறு, ஒரு மா, ஒரு கொய்யா, நாலு தென்னை, என் மனைவியின் பிச்சிக்கொடி, யார் நட்டது என்று யாருக்கும் தெரியாத ஒரு முருங்கை. இதில் பட்டணத்துக் குழந்தைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் இரண்டு நாள் ஒரு வேலையும் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்து 'போரடிக்குது மாமா' என்பார்கள். மூன்றாம் நாள் சின்னவன் எறும்பு போகிற வழியில் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பிப்பான். அப்புறம் அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதே பெரிய காரியம். பழையதும் மோரும் சின்ன வெங்காயமும் மாமரத்தடிக்கே போகும். வெயில் தாழ்ந்ததும் ஆளுக்கொரு குடத்தோடு செடிகளுக்குத் தண்ணீர். யார் செடி உயரம் என்று தினம் ஒரு சண்டை. பூனை ஒன்று மதில்மேல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனையும் போதாது என்று 2025 மே மாதம் என் மைத்துனருக்குத் தோன்றியது. குழந்தைகளுக்கு ஜீவகாருண்யம் வர வேண்டுமாம். அதற்கு ஒரு நாய்க்குட்டி வேண்டுமாம். இராஜபாளையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எந்த நாயை வாங்குவது? காலையில் போனவர் மத்தியானம் ஓர் அட்டைப் பெட்டியோடு திரும்பினார். பன்னிரண்டாயிரம் ரூபாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. மூத்தவன் அதற்கு மணி என்று பெயர் வைத்தான்.

இராஜபாளையம் நாய் லேசுப்பட்ட பிராணி அல்ல. வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி. வளர்ந்தால் ஆள் இடுப்பு உயரம் நிற்கும். ஓட நிலம் வேண்டும். வீட்டு மனிதர் தவிர மற்றவரைச் சுலபத்தில் அண்டவிடாது. 2005 ஜனவரியில் தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலியில் நாட்டு நாய்களைப் புகழ்ந்து பேசியபோது இதன் பெயரையும் சொன்னார். நல்ல காரியந்தான். ஆனால் புகழ்ச்சியைக் கேட்டவர்கள் எல்லாரும் ஓட நிலம் வைத்திருப்பவர்களாகவா இருந்தார்கள்? மூன்றாவது மாடியில் இரண்டு அறை வைத்திருப்பவரும் கேட்டார். அவருக்கு வேண்டியது நாய் அல்ல. அந்த வெள்ளை நிறம். கேட்கிறவர் நிறத்தைக் கேட்டால் விற்கிறவர் நிறத்தைத்தான் உற்பத்தி செய்வார். நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தாவது வெள்ளையைக் கொண்டுவருவார்.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களுக்கு உள்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே அவை இல்லாமற்போனால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை வாங்குகிற நரம்பு முனைகள் நசித்துவிடும். வெள்ளை நாய் ஜாதிகள் பலவற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதனால்தான். இராஜபாளையம் நாயிலும் இது தெரிந்த குறைதான். அட்டைப் பெட்டியில் குட்டியைப் போட்டுக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. வாங்கினவரும் கேட்கவில்லை.

மணிக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரியப் பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் என் மைத்துனர் சுருட்டிய பத்திரிகையும் கையுமாக அதற்கு 'ஸிட்', 'கம்' என்று பாடம் நடத்தினார். (தமிழ்நாட்டில் பிறந்த நாய்க்கு எதற்காக இங்கிலீஷில் உபதேசம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.) கூப்பிட்டால் வரவில்லை என்று அதற்கு இரண்டு அடியும் விழுந்தது. "திமிரு பிடிச்ச நாய், அத்தான்" என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் கிணற்றடியில் என் மகள், ஏழு வயசு, பித்தளைத் தவலையைக் கை நழுவ விட்டுவிட்டாள். கல்லில் விழுந்த சத்தத்தில் காக்கைகள் கிளம்பின, அணில் மரத்தில் ஏறிற்று, பூனை மதிலுக்கு அப்பால் குதித்தது. தவலைக்கு ஒரு முழ தூரத்தில் படுத்திருந்த மணி மட்டும் கண்ணைத் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தவலையை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து, "அப்பா, மணிக்குக் காதே கேக்கலப்பா. அதான் வர மாட்டேங்குது. பாவம் அதை அடிச்சிட்டாங்க" என்றாள். பிள்ளைகள் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தரையைக் காலால் ஓங்கித் தட்டினால் அதிர்ச்சி தெரிந்து நாய் திரும்பிப் பார்க்கும். பார்த்ததும் கையை ஆட்டினால் வரும். பெரியவர்களுக்குப் பத்து நாள் பிடிபடாத வித்தை.

பெரியவர்களான நாங்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஊருக்குக் கிளம்புகிற சமயம் பார்த்து, "இதை இங்கே பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடுகிறேன்" என்றார் மைத்துனர். பையன்கள் அழுதார்கள். பண்ணையில் ஓடியாட நிறைய இடம் இருக்கும் என்று அவர்களைச் சமாதானப்படுத்தினோம். அந்தப் பண்ணைக்காரர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றிற்று. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் மற்றவர்களைத் திட்டுகிற எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணாச்சி கண்மாய்க் கரையிலிருந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "உங்க வீட்டு வெள்ளைக்குட்டி ரோட்டு ஓரம் கிடக்குதுங்க. பின்னால லாரி ஆரன் அடிக்கான், அது நகரவே மாட்டேங்குது" என்றார். என் மனைவி தம்பியைப் போனில் கூப்பிட்டாள். அவர் குரலில் வெட்கமே இல்லை. "காது கேட்காத நாயை வெச்சுக் குழந்தைகளுக்கு என்ன பிரயோஜனம், அக்கா?" என்றார்.

அன்று இரவு என் மகள் கேட்டாள்: "நான் சொல்லாம இருந்திருந்தா மணியைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களாப்பா?"

ஜீவகாருண்யம் கற்பிக்க வாங்கிய பிராணி கற்பித்த பாடம் இது. பையன்கள் கற்றதை இன்னும் ஐந்தாறு வருஷத்தில், பண்ணைக்காரர் யாரென்று அவர்களே யோசிக்கிற வயதில், அவர்கள் தகப்பனார் தெரிந்துகொள்வார்.

என் மைத்துனர் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மே மாதம் வாங்கி ஜூன் மாதம் கைகழுவுவது நம் வர்க்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. குட்டியாக இருக்கும்வரை மடி, வளர்ந்தால் மொட்டைமாடிச் சங்கிலி, குரைத்தால் ஊர் எல்லை. பள்ளிக்கூடம் திறந்து பதினைந்து நாள் கழித்து எங்கள் பக்கத்துச் சாலைகளில் கழுத்தில் பட்டையோடு திரிகிற நாய்களைப் பார்க்கலாம். நாட்டிலுள்ள தெருநாய்களெல்லாம் இப்படி வந்தவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை தெருவிலேயே பிறந்தவை. ஆனால் 2025 ஆகஸ்டு 11ஆம் தேதி, தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், 22ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும், வீட்டுக்கு வீடு எத்தனை வாதப் பிரதிவாதங்கள்! நாயை வெறுப்பவர்கள் ஒரு பக்கம், பிஸ்கட் போடுகிறவர்கள் ஒரு பக்கம். காரிலிருந்து இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துகிறவரைப் பற்றி இரு கட்சியும் பேசக் காணோம். அவர் இரண்டு கட்சியிலுமே அங்கத்தினராக இருந்திருக்கக்கூடும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசியிலோ தாகத்திலோ தவிக்கும்படி ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது அதன்படி குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவையானால் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். 1960இல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. அதற்குப் பிறகு அரிசி விலை ஏறியது, தங்கம் விலை ஏறியது, கட்டுரைச் சன்மானங்கூடக் கொஞ்சம் ஏறியது. நாயைக் கைவிடுகிற விலை மட்டும் ஏறவில்லை. 2022இல் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள், சொன்னவர்கள் சொன்னார்கள். விற்கிறவருக்கும் விதி உண்டு. 2017ஆம் வருஷத்து விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும்; எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வாங்குகிறவர் எவராவது பதிவுச் சீட்டைக் கேட்டதுண்டா? கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிற நாம், குட்டியின் காதருகே ஒரு கைதட்டுகூடத் தட்டிப் பார்ப்பதில்லை.

"அப்படியானால் குழந்தைகள் பிராணிகளோடு பழகவே கூடாதா?" என்று ஒரு சிநேகிதர் என்னிடம் சண்டைக்கு வந்தார். தாராளமாகப் பழகட்டும். எங்கள் மலையில் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் ஒரு சரணாலயமே அமைத்திருக்கிறார்கள். அதை எவரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. அண்ணாந்து பார்க்கிறார்கள், சந்தோஷப்படுகிறார்கள், இறங்கி வருகிறார்கள். மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் காக்கையும் மைனாவும் தாமே வந்து போகும். அவற்றுக்கு ஜூன் மாதம் என்று ஒன்று கிடையாது. அல்லது நாய்தான் வேண்டுமென்றால், அதைக் குழந்தைக்கென்று வாங்காதீர்கள், உங்களுக்கென்று வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதற்குச் சோறு வைப்பதும், தடுப்பூசி போடுவதும், மழையிலும் வெளியே நடத்திக்கொண்டு போவதும் ஆறு வயதுப் பையன் செய்கிற காரியமா? பெரியவர் ஒருவர் 'இது என் நாய்' என்று சொல்லாத வீட்டில் நாய்க்கு வேலையில்லை.

விளையாட வாடிப்போகிற பொருள்தான் வேண்டுமென்றால் அதற்கும் எங்கள் பக்கத்தில் முன்மாதிரி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலிருக்கும் கிளி உயிர்க்கிளி அல்ல. தினந்தோறும் பச்சை இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. இன்றைய கிளி நாளை கிடையாது. அதனால் அந்தக் கிளிக்கு ஒரு துன்பமும் இல்லை. ஒரு நாயகிக்கே இலைக்கிளி போதுமானதாக இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு உயிருள்ள பொம்மைதான் ஆகும் என்பது என்ன நியாயம்?

மணி இப்போது கொய்யா மரத்தடியில் படுத்திருக்கிறது. தென்னை மட்டை விழுந்தால் எழுந்திராது. ஆனால் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வாசற்படி ஏறினால் அந்த அதிர்வு அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தெருக் கதவை நாங்கள் திறந்து வைப்பதில்லை. கழுத்துப் பட்டையில் எங்கள் போன் எண்ணையும், 'காது கேட்காது' என்ற இரண்டு சொற்களையும் என் மனைவி தைத்திருக்கிறாள்.

போன வாரம் மைத்துனர் பேசினார். பையன்கள் மே மாதம் வர வேண்டுமென்று குதிக்கிறார்களாம். வரட்டும் என்றேன். கிணற்றடியில் வெண்டைக்கு இரண்டு பாத்தி, அவர்கள் பெயரில் ஒதுக்கியிருக்கிறேன். கடைசியில், கொஞ்சம் தயங்கி, "சின்னவன் ஒரு குட்டி கேட்டுக்கிட்டே இருக்கான் அத்தான், இந்தத் தடவை காதெல்லாம் சோதிச்சு வாங்கிடலாம்" என்றார்.

"ஜூலை மாதம் அதுக்கு யார் சோறு வைப்பா?" என்று கேட்டேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.