பால்பல்லும் சர்க்கார் பொறுப்பும்

விழப்போகிற பல்தானே என்று பால்பல்லை அலட்சியம் செய்கிறோம். இது தவறு, தோழர்களே! பால்பல் சொத்தையானால் குழந்தை சோறு மெல்லாது, இரவில் உறங்காது, உடல் தேறாது.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், தாய்மார் வேலைக்குப் போனால் குழந்தைக்குப் பகலெல்லாம் அங்கன்வாடியோ பிள்ளைக் காப்பகமோதான் கதி. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைப் பெரிய தோட்ட முதலாளிகளின் கடமையாக்கியது. 1975-ல் அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பல் சொத்தையையும் பார்க்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நாம் கோருவது இதுதான்: மருத்துவக் குழு கடைசி மலைக்கிராமம் வரை ஏறட்டும். அங்கன்வாடியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி பிரஷ் கொடுத்து, தினமும் பல் துலக்கப் பழக்கட்டும். புளோரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசியளவு, பிறகு பட்டாணியளவு போதும், பெருஞ்செலவல்ல. சொத்தைக்கு வைத்தியமும் மலையிலேயே கிடைக்கட்டும். சேலத்துக்கு இறங்கினால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும்!

வாயில் தங்கும் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. ஆகவே வீட்டில், சர்க்கரைப் பால் புட்டியோடு குழந்தையைத் தூங்கவிடாதீர்கள்.

சொத்தை தலைவிதியல்ல. சங்கக் கூட்டத்தில் கூலியோடு இதையும் பேசுங்கள்!