டீசல் கணக்கும் திருடன் பட்டமும்

"டீசல் அடிக்கிற எடத்துலதான் சார் டிரைவருங்க திருடுறானுங்க. அங்க ஒரு கண்ணு வச்சுட்டா போதும்."

எங்கள் வங்கிக் கவுண்டரில் நின்றுகொண்டு ஒரு லாரி முதலாளி உதிர்த்த வாசகம் இது. தவணை கட்ட வந்தவர். ஆறு ட்ரெய்லர் ஓடுகிறது அவருக்கு. நான் அவர் கொடுத்த நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். என் அக்காள் புருஷன் பதினேழு வருஷமாக ட்ரெய்லர் ஓட்டுகிறவர் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு எப்படி மறந்துபோனது? மறக்கவில்லை. சம்பளம் வாங்கும் வாய் அப்படித்தான் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு மச்சானோடு வண்டியில் போனேன். தூத்துக்குடியிலிருந்து ஓசூர். நாற்பது அடி கன்டெய்னர். இழுக்கிற வண்டியையும் சேர்த்தால் ஐம்பது அடிக்கு மேல் நீளம். கவிதை எழுதலாம் என்ற நப்பாசையும் இருந்தது. கவிதை வரவில்லை. கணக்குதான் வந்தது. அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன் தோழர்களே, கூட்டிப் பாருங்கள்.

தூத்துக்குடியைத் தாண்டியதும் ஒரு பங்க். முதலாளி அங்கேதான் அடிக்கச் சொல்லியிருந்தார். மச்சான் இண்டிகேட்டர் போட்டுத் திருப்புவதற்குள் உள்ளிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார்.

"ஏய் ட்ரெய்லரு! உள்ள வராத. வெளியவே நில்லு."

வெளியே நில். இந்தச் சொல் நமக்குப் புதுசில்லை. மனுஷனைப் பார்த்துச் சொன்னதை இப்போது வண்டியைப் பார்த்தும் சொல்கிறார்கள். ஆனால் வெளியே நிற்பது வண்டி மட்டும்தானா?

அந்த ஆளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவரும் கூலிக்காரர். பங்க்கின் அமைப்பு அப்படி. காருக்கும் பைக்குக்கும் அளவெடுத்துக் கட்டியது. ட்ரெய்லர் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மேடை ஓரத்தில் நட்ட இரும்புக் குழாயையோ கூரைத் தூணையோ உரசிவிட்டால், பங்க்காரர் முதலாளியிடம் வாங்குவார், முதலாளி டிரைவரிடம் வாங்குவார். உள்ளே போய்விட்டாலும் வெளியே வர வழி இருக்காது. பாரத்தோடு பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் பைக்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். கிளீனர் கத்திக்கொண்டே ஓடுவான். டீசலை அதிகம் குடிக்கிற வண்டி நுழைய முடியாதபடி நெடுஞ்சாலையிலேயே பங்க் கட்டி வைத்திருக்கிறார்கள். யாருக்காகக் கட்டினார்கள்?

ஆகவே வெளியே நின்றோம். இடதுசக்கரம் மண்ணில், வலதுசக்கரம் தாரில். வண்டி இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. டீசல் டேங்க்கும் இடதுபக்கம். ஹோஸை இழுத்து வந்து போட்டார்கள். டேங்க்கின் வாய் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. நுரை பொங்குகிறது, நாஸில் 'டக்'கென்று தானாக நிற்கிறது. நுரை அடங்கக் காத்திருந்து மறுபடி அடிக்கிறார்கள். வாய்வரை டீசல் ஏறிவிட்டது. பில்லைக் கிழித்தார்கள். 'டேங்க் ஃபுல்.'

மச்சான் சொன்னார்: "மாப்ளே, இது ஃபுல் இல்ல. வண்டி சாஞ்சு நிக்கில்லா? அந்தப் பக்கத்து மூலையில காத்து நிக்கும். பத்து லிட்டருக்கு மேல எடம் காலியாத்தான் கெடக்கும்."

சாய்ந்த குடத்தில் தண்ணீர் பிடித்த எவருக்கும் இது தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருப்பது அவருக்கு லாபம்.

மூன்றாம் நாள் இரவு, ஓசூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினோம். அதே ஊர்ப் பக்கம் வேறொரு பங்க். விசாலமான இடம், கூட்டமும் இல்லை. உள்ளே விட்டார்கள். சமதளத்தில் நின்று அடித்தோம். காலியாகக் கிடந்த அந்த மூலையும் சேர்ந்து நிரம்பியது. 372 லிட்டர் பிடித்தது.

இப்போது முதலாளியின் கணக்கைப் பாருங்கள். போக வர 1,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்பது அவர் வைத்த அளவு. அப்படியானால் 360 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனது 372. வித்தியாசம் 12 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டு 1,104 ரூபாய் பிடித்தம். அந்த நடைக்குப் படி 2,400. கையில் வந்தது 1,296. மூன்று நாளைக்கு. நாளொன்றுக்கு 432 ரூபாய். கூடவே இலவசமாக ஒரு பட்டம்: திருடன்.

இத்தனைக்கும் வண்டி கொடுத்தது லிட்டருக்கு 2.9. மூன்றுக்கும் இரண்டு புள்ளி ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் புள்ளி ஒன்றில்தான் ஒரு மனுஷனின் மானம் தொங்குகிறது.

அந்தப் புள்ளி ஒன்று எங்கே போயிருக்கும்? சாய்ந்த டேங்க்கை விடுங்கள். ஆடிக்காற்று எதிரே அடிக்கிறது. கன்டெய்னர் என்பது சக்கரம் வைத்த சுவர். சுவரைத் தள்ளிக்கொண்டு போக டீசல் வேண்டும். சேலம் தாண்டித் தொப்பூர் மேட்டில் பாரத்தோடு கீழ்க் கியரில் ஊர்ந்து ஏறினோம். ஓசூரில் கோடவுன் வாசலில் வரிசை. வண்டியை அணைக்க முடியாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பத்தடி நகர வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினாலே மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடித்துவிடும். கிலோமீட்டர் முள் நகராது. முள் நகராத டீசலுக்கு முதலாளியின் நோட்டில் பத்தியே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பங்க்கில் அளவு சரியா என்று பார்க்க ஐந்து லிட்டர் அளவுக் கேன் வைத்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை குறைந்தால் அது குற்றமில்லை, சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் வங்கிக்காரன், பெருக்கிப் பார்த்தேன். 372 லிட்டருக்கு இந்தக் கணக்கில் 1.86 லிட்டர். ஏறக்குறைய இரண்டு லிட்டர் குறைந்தாலும் பங்க்காரர் யோக்கியர். பன்னிரண்டு லிட்டர் கூடினால் டிரைவர் திருடன். எந்திரத்துக்குப் பிழை செய்ய அனுமதி உண்டு, மனுஷனுக்குக் கிடையாது.

"கேன் கொண்டாங்கன்னு கேக்க வேண்டியதுதான மச்சான்?" என்றேன். சிரித்தார். "கேட்டா அடுத்த தடவ டீசல் அடிக்கவே விடமாட்டான். ஓனருக்குப் போன் போவும். ஓனரு என்ன கேப்பாரு தெரியுமா? 'ஒனக்கென்னவே அவ்வளவு அக்கற?' ம்பாரு." உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்கிற வாய்க்குத்தான் வேலை போகும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்னொரு வில்லங்கம். புகையைச் சுத்தம் பண்ண யூரியாக் கரைசல் ஊற்றுகிற தனி டேங்க். நீல மூடி. அது தீர்ந்தால் வண்டி இழுவை குறைந்து படுத்துவிடும். இருட்டில், சாலையோரத்தில், மூடி மாற்றி டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் எஞ்சின் செலவு லட்சத்தில் போகும். யார் தலையில்? ராத்திரி இரண்டு மணிக்குச் செல்போன் வெளிச்சத்தில் மூடி தேடுகிறவன் தலையில்.

விலைக்கதை தனி. 2014 அக்டோபரில் டீசல் விலை மீதிருந்த கட்டுப்பாட்டை அரசு கைகழுவியது. 2017 ஜூன் 16 முதல் தினம் ஒரு விலை. 2014 ஏப்ரலில் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த மத்தியக் கலால் வரி, 2020 மே மாதம் 31.83 ஆனது. பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தார்கள். இந்த வரியெல்லாம் சேர்த்துத்தான் மச்சானிடம் பிடித்தார்கள். டேங்க்கின் மூலையில் நின்ற காற்றுக்கு என் மச்சான் கலால் வரி கட்டியிருக்கிறார். இந்த தேசபக்திக்கு யார் மெடல் குத்துவார்கள்?

சரி, டீசல் விற்கிற டிரைவரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறான். நான் மறைக்கவில்லை. வழியில் கைநீட்டுகிற கைகளுக்கெல்லாம் ரசீது கிடையாது. ரசீது இல்லாத செலவை முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். நாலு லிட்டர் இறக்கி அதைக் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்துகிறான். அந்த நாலு லிட்டரைக் குடித்தவன் யார்? இறக்கியவன் பெயர் திருடன், வாங்கியவன் பெயர் அதிகாரி. பேராசையில் விற்கிறவனும் இருப்பான். அவனைப் பிடியுங்கள், விசாரியுங்கள், நிரூபியுங்கள். விசாரணையே இல்லாமல் எல்லார் படியிலும் கைவைப்பதற்கு என்ன பெயர்?

எங்கள் வங்கியிலும் காசாளர் கையில் பணம் குறைந்தால் அவர்தான் கட்டவேண்டும். நானே கட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே பதிவேடு உண்டு. மறுபடி எண்ணுவார்கள். மேலாளர் முன்னால் எண்ணுவார்கள். பணம் அதிகமாக இருந்தாலும் அதையும் எழுதி வைப்பார்கள். லாரி ஷெட்டில் குறைந்தால் மட்டும்தான் எழுத்து. ஒரு நடையில் 3.2 கிடைத்தால் மிச்ச டீசலின் காசு டிரைவருக்கு வருமா? வராது. "அப்ப இனிமே 3.2 குடு" என்று அளவை உயர்த்துவார்கள். ஒருபக்கம் மட்டும் தாழ்கிற தராசு இது.

அந்த '3' எங்கிருந்து வந்தது தெரியுமா? இதைத்தான் சொல்லக் கூசுகிறது. வண்டிக்கடனுக்கு ஆடிட்டர் எழுதித் தருகிற திட்ட அறிக்கையில் இருந்து வந்தது. மாதம் இத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு 3 கிலோமீட்டர், டீசல் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, ஆகவே தவணை இவ்வளவு. பாரத்துக்கு ஒரு கணக்கு, காலிக்கு ஒரு கணக்கு என்று இல்லை. காற்று இல்லை, மேடு இல்லை, வரிசை இல்லை. அந்தத் தாளைக் கூட்டிப் பார்த்துக் கோப்பில் சேர்த்தவன் நான். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தாளில் சரியாக இருந்த கணக்கு சாலையில் ஒருத்தன் வயிற்றில் அடிக்கிறது.

1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருந்த முதலாளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தியது; ஆறு ட்ரெய்லர்காரரும் அந்த வரம்புக்குள்தான் இருந்தார். 2020இல் அந்தச் சட்டத்தைப் பல சட்டங்களோடு ஒரே தொகுப்பில் சேர்த்துக் கட்டினார்கள். இத்தனை வருஷத்தில் மச்சான் பார்த்த ஓய்வறை அவருடைய ஸ்டியரிங் சீட்தான். பங்க்கில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தரவேண்டும் என்பதும் விதி. நாங்கள் போன பங்க்கில் கழிப்பறைக்குப் பூட்டு. வண்டி வெளியே, மனுஷன் முள்ளுக்காட்டில்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை பங்க்குகளில் நீள வண்டி ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறச் சமதளமாக ஒரு பாதை. கேட்டால் முகம் சுளிக்காமல் அளவுக் கேன். பாரத்துக்கும் பாதைக்கும் தக்கபடி, டிரைவரும் உட்கார்ந்து எழுதிய மைலேஜ் அளவு. ஒரு நடையை வைத்துப் பார்க்காமல் மாதம் முழுவதும் கூட்டிப் பார்க்கிற கணக்கு. பிடித்தம் என்றால் எழுத்தில் காரணம். மிச்சம் என்றால் அதுவும் எழுத்தில். பூட்டாத கழிப்பறை. இவ்வளவுதான்.

அடுத்த மாதமும் அந்த முதலாளி தவணை கட்ட வருவார். நோட்டை நீட்டிக்கொண்டே அதே வாசகத்தைச் சொல்வார். இந்தமுறை சிரிக்கப்போவதில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்: "டீசல் அடிக்கும்போது வண்டி எப்படி நின்னுச்சு சார்?"