கேள்வியே எழவில்லை

சாயங்காலம் நாலே முக்காலுக்கு மண்டல அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. தலைப்பிலேயே 'பார்லிமெண்ட் கேள்வி, மிக மிக அவசரம்' என்று போட்டிருந்தது. ஆறு மணிக்குள் விவரம் போய்ச் சேர வேண்டும். யாரோ ஒரு உறுப்பினர், தலித்துகளுக்கான ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் பற்றி நிதியமைச்சரைக் கேட்டிருக்கிறார். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை நிராகரிக்கப்பட்டது, நிராகரித்ததற்குக் காரணம் என்ன. மொத்தம் நாலு கட்டம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "போட்டு அனுப்பிச்சிருங்க தம்பி" என்றார். போட்டேன். வந்தது 0. கொடுத்தது 0. நிராகரித்தது 0. காரணம் என்கிற கட்டத்தில் 'எழவில்லை' என்று டைப் அடித்தேன்.

அதற்கு மூணு வாரம் முந்தி என் பெரியம்மா மகன், திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியிலிருந்து எங்கள் கிளைக்கு வந்திருந்தார். பதினைந்து வருசமாகச் சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி சுட்டு, அடுத்தவன் லாரிக்கு மூடை ஏற்றிய ஆள். மிளகாய் வத்தல் அரைக்க ஒரு மில்லுப் போட வேண்டும் என்று ஆசை. கரிசலில் விளைகிற வத்தலை விற்றுவிட்டு அதே வத்தலைப் பொடியாகப் பாக்கெட்டில் வாங்கித் திங்கிறோமே என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குத்தான். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "திட்ட அறிக்கை கொண்டாங்க. ஜாமீன் யாரு? முன்னப்பின்ன தொழில் அனுபவம் இருக்கா?" என்றார். விண்ணப்பப் படிவத்தை மட்டும் கொடுக்கவில்லை. அண்ணன் மூணு தடவை வந்தார். மூணாவது தடவை கவுண்டர் ஓரமாக நின்று என்னிடம் கேட்டார்: "நம்ம பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா தம்பி?" நாலாவது தடவை அவர் வரவில்லை.

2016 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் திட்டம் சொன்னது இதுதான்: ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடிக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும், 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் கொடுக்க வேண்டும். ஜாமீனுக்குப் பதிலாக ஒரு கடன் உத்தரவாத நிதியே வைத்திருந்தார்கள். அது மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் படிவம் கொடுக்காதவனுக்கு விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாதவனை யாரும் நிராகரிக்க முடியாது. எனவே நிராகரிப்பு 0. இதில் பொய் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அமைச்சர் அவையில் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். அந்தப் பதிலில் என் கைரேகையும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தோழர்களுக்குப் பாராளுமன்றம் என்றால் ஒன்று வெறுப்பு, இல்லையென்றால் அலுப்பு. 'அரட்டை மடம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். விடுதலைச் சிறுத்தைகளே 1999 வரைக்கும் தேர்தலைப் புறக்கணித்தவர்கள்தான். அந்த வெறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் வெறுக்கிற ஒன்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு வெறுப்பது நல்லது. பூட்டை உடைக்கிறவனுக்கும் பூட்டு தெரியணும்.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு மணி நேரம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அமைச்சகங்களைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். இன்ன கிழமை இன்ன அமைச்சகம் என்று. வந்து குவிகிற கேள்விகளைக் குலுக்கிப் போடுகிறார்கள். சீட்டுக் குலுக்கி எடுப்பது மாதிரிதான். ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு நட்சத்திரக் குறி. அவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும். மற்ற 230 கேள்விக்குத் தாளில் பதில், மேசைமேல் வைத்துவிடுவார்கள். அந்த 20லும் பல நாள் ஐந்தாறுகூட வாய்க்கு வந்து சேராது. அதற்குள் மணி பன்னிரண்டு.

நட்சத்திரக் குறியில் என்ன விசேஷம் என்றால் துணைக் கேள்வி. அச்சடித்த பதிலை அமைச்சர் எளிதாக வாசித்துவிடலாம், அது எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எழுதிக் கொடுத்தது. உறுப்பினர் எழுந்து அதற்குமேல் கேட்பதற்குத்தான் அமைச்சருக்கு வியர்க்கும். "நிராகரித்தது 0 என்கிறீர்கள். படிவம் கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர்?" இந்த ஒரு கேள்வி போதும், என் நாலு கட்டமும் சரிந்துவிடும். 230இல் விழுந்த கேள்விக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாதம் கூடாது. அபிப்பிராயம் கேட்கக்கூடாது. நையாண்டி கூடவே கூடாது. கவிதை எழுதுகிறவனான எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கேள்வியில்தான் நையாண்டிக்குத் தடை. பதிலில் இல்லை.

பதில்களைப் பாருங்கள். 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டு அவை கூடியது. எழுத்து மூலமான பதில் மட்டும் உண்டு. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளிகள் எத்தனை பேர் செத்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் எழுதியது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டியை நாடே பார்த்தது. கேள்வி மட்டும் எழவில்லை.

2021 ஜூலை 28. மாநிலங்களவை. கையால் மலம் அள்ளுவதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே எழுத்தில் சொன்னார். அதே ஆண்டின் தொடக்கத்தில் அதே அமைச்சகம், சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும்போது ஐந்து ஆண்டுகளில் 340 பேர் செத்தார்கள் என்று சொல்லியிருந்தது. இரண்டும் எப்படி உண்மையாகும்? ஆகும். மலக்குழிக்குள் இறங்குவது வேறு, கையால் மலம் அள்ளுவது வேறு என்று சட்டத்தின் சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டால் ஆகும். 'இறக்கவில்லை' என்று அவர்கள் சொல்லவில்லை, 'பதிவாகவில்லை' என்றார்கள். என் 0வும் அவர்களின் பதிலும் ஒரே இலக்கணம்.

இந்த மண்ணுக்கு வருகிறேன். 1957 செப்டம்பர் 4 அன்று மக்களவையில் ராம் சுபக் சிங் ஒரு கேள்வி கேட்டார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்திரா என்கிற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை ஏன் வாங்கியது என்பது பற்றி. மழுப்பினார்கள். பிறகு பெரோஸ் காந்தி பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள், பெரோஸ் பிரதமரின் மருமகன் வேறு. சுமார் 1 கோடியே 24 லட்ச ரூபாய் விவகாரம். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வி நேரத்தின் பெருமைக்கு உதாரணமாக இதைத்தான் பாடப் புத்தகத்தில் சொல்வார்கள்.

அந்தக் கேள்வி கேட்டு ஒரே வாரத்தில், செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் தொடங்கி அருப்புக்கோட்டைத் தாலுகா வரைக்கும் தீ. அப்போது இதெல்லாம் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். அக்டோபரில் சென்னைச் சட்டமன்றத்தில் பேசினார்கள். உள்துறை அமைச்சர் பக்தவத்சலம் பதில் சொன்னார். எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பங்குப் பத்திரத்துக்கு ரசீது இருந்தது, வவுச்சர் இருந்தது, கையெழுத்து இருந்தது. எரிந்த குடிசைக்கு எந்தப் பேரேடு இருந்தது? எழுதி வைத்த பணம் ஒரு அமைச்சரைக் கீழே இறக்கியது. எழுதி வைக்காத உயிர் யாரையும் அசைக்கவில்லை.

கேள்வி போலவே நேரமும் அவர்கள் கையில். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சபாநாயகர் தலைமையில் அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. தனி உறுப்பினர்களின் அலுவலுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம். ஊருக்கு ரயில் ஏறும் நேரம் அது. 1970க்குப் பிறகு ஒரு தனி உறுப்பினர் மசோதாகூட இரண்டு அவையிலும் நிறைவேறிச் சட்டமாகவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கருக்கே அந்த அவையில் நேரம் கிடைக்கவில்லை என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்துச் சட்ட மசோதா நாலு பிரிவோடு கிடப்பில் போடப்பட்டது. அவர் 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அக்டோபர் 10 அன்று அவையில் காரணத்தைச் சொல்ல எழுந்தார். அறிக்கையின் நகலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றும், சாயங்காலம் 6 மணிக்குத்தான் பேசலாம் என்றும் துணைச் சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் சொன்னார். பாபாசாகேப் வெளியே நடந்தார். அறிக்கையைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவருக்கே நிகழ்ச்சி நிரலைக் காட்டித்தான் கதவடைத்தார்கள்.

நம் சட்டமன்றத்தில் 110 என்று ஒரு விதி இருக்கிறது. அமைச்சர் அறிக்கை வாசிக்கலாம். அதன்மேல் அப்போது விவாதம் கிடையாது. 2011க்குப் பிறகான ஆண்டுகளில் அரசின் அறிவிப்பு என்றாலே 110தான் என்றாகிப் போனது. 2011 செப்டம்பர் 11, அதே பரமக்குடி, அதே நினைவு நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா அறிக்கை வாசித்தார். அறிக்கையில் ஒருவர்தான் பேசுவார். கேள்வியில்தான் இரண்டு பேர் உண்டு. அதனால்தான் அதிகாரத்துக்கு அறிக்கை பிடிக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'ஆகவே அங்கே எதுவும் நடக்காது' என்று முடித்தால் அது சோம்பேறித்தனம். 1924இல் சென்னைச் சட்டமேலவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்திருந்த இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதிலும் நம்மை யாரும் தடுக்கக்கூடாது என்று. செப்டம்பர் 25 அன்று அது அரசாணையாக வெளிவந்தது. கேட்டால் எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்தது. ஆனால் அந்த ஆணைக்கு 50 வருசம் கழித்தும், எங்கள் ஊரில் என் அப்பத்தா ஊர்க் கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று குடத்தோடு காத்துக் கிடந்திருக்கிறாள். தாளில் ஏறியதைத் தெருவில் இறக்க இன்னொரு போராட்டம் வேண்டும். தாளிலேயே ஏறாததை இறக்கவே முடியாது. இரண்டும் வேண்டும் என்கிறேன்.

நாடாளுமன்றத்தில் தலித்துகளுக்கு 84 தனித்தொகுதி. பூனா ஒப்பந்தம் பெற்றுப்போட்ட பிள்ளைகள். அவர்களை ஜெயிக்க வைப்பது ஊரின் ஓட்டும் கட்சித் தலைமையின் தயவும். அவர்களாகவே கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். நாம் கேள்வி எழுதிக் கொடுப்போம். எங்கள் அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. பக்கத்துத் திருச்சுழி இராமநாதபுரத்தில். ஒரே கரிசல், ஒரே வறட்சி. ஆக இரண்டு உறுப்பினர்களிடம் ஒரே கேள்வியைக் கொடுக்கலாம். 150 சொல்தானே? ஒரு மாணவன் ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21(4) பிரிவுப்படி ஒவ்வொரு ஆண்டும் இரு அவையிலும் அறிக்கை வைக்க வேண்டும். எந்த ஆண்டு அறிக்கை எப்போது வைக்கப்பட்டது, நம் மாவட்டத்தில் எத்தனை வழக்கு என்ன காரணத்தால் விடுதலையில் முடிந்தது என்று கேட்கலாம். துணைக் கேள்வியையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

அதைவிட முக்கியம், நம் பேரேடு. படிவம் தராத வங்கியில், புகாரை வாங்காத ஸ்டேஷனில், சாதிச் சான்றிதழுக்கு அலையவிட்ட தாலுகா ஆபீசில் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். ஒப்புகை கேளுங்கள். தரமாட்டார்களா? விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று சங்க நோட்டில் எழுதுங்கள். அவர்கள் பேரேட்டில் 0 என்றால் நம் பேரேட்டில் என்ன என்று காட்ட நம்மிடம் ஒன்று இருக்க வேண்டும்.

நான் பெரிய ஆளில்லை. வேலைக்குப் பயந்தவன், பி.எஃப். லோன் எடுத்தவன். அன்றைக்கு அந்த 0வைப் போட்டவன். இப்போது என் டிராயரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. படிவம் கேட்டுத் திரும்பியவர்களைத் தேதி போட்டு எழுதுகிறேன். இதுவரை பதினொரு பேர். முதல் வரியில் அண்ணன். போன மாசம் ஒரு சாவு வீட்டில் பார்த்தபோது, "ஒங்க பேரை எழுதியிருக்கேண்ணே" என்றேன். "எதுல, பேங்க்குலயா?" என்றார். "இல்லண்ணே, என் நோட்டுல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத யாருகிட்டக் குடுக்கப் போற?" என்றார்.

அதற்கு நாம் எல்லோரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும், தோழர்களே.