பத்திரம் கேட்கும் படிப்பு

தொழிற்சாலையில் ஐந்து வருஷம் வேலை பார்த்த என் இளைய மகன், அமெரிக்கா போய் பிசினஸ் அனலிடிக்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறான். கடனுக்கு வங்கி கேட்பது, ஓய்வுப் பணத்தில் நான் நாக்பூரில் வாங்கிய வீட்டின் பத்திரத்தை. நம் சங்கத்தில் வேறு சில வீடுகளிலும் இதே பேச்சுதான்.

படிப்பை நான் குறை சொல்லவில்லை. முடித்தபின் 12 மாதம் அங்கே வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பானால் மேலும் 24 மாதம். எல்லாக் கல்லூரியிலும் அப்படி இல்லை, கேட்டுக்கொண்டு சேர வேண்டும். அதன்பின் எச்-1பி விசா. கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 85,000தான், குலுக்கல்.

டிப்ளமோ படித்துவிட்டு தண்டவாளப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். டிராக் ரெக்கார்டிங் கார் தரும் வரைபடத்தில் பள்ளத்தை எவரும் பார்க்கலாம். ஜல்லி குறைந்ததா, ஜாயிண்ட் தளர்ந்ததா என்பது லைனில் நடந்தவனுக்குத்தான் தெரியும். இவனோ கற்ற தொழிலை உதறிவிட்டு வெறும் எண்ணை நம்பிப் போகிறான்.

அவன் தொழிற்சாலையில் இயந்திரம் நின்ற கணக்கு இருக்கும். ஆறு மாதம் அதோடு உட்கார், அலுக்காவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பிள்ளையின் வழியை மறிக்கிறேன் என்கிறாள் அவன் அம்மா.