நாளுக்கொரு நாள்



ஆடி கழிந்து ஆவணி பிறக்கும் இந்நாள்களில் நம் தமிழ் மன்றத்து அறிவிப்புப் பலகையைக் காண்போர்க்குத் தலை சுற்றும். ஆகஸ்டு முதல் ஞாயிறு நட்பு நாள். 8ஆம் நாள் பூனை நாள். 10ஆம் நாள் சோம்பல் நாளாம்! 13ஆம் நாள் இடக்கையர் நாள். 26ஆம் நாள் நாய் நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப்படம், ஒரு வாழ்த்து, கைப்பேசிக் குழுவில் நூறு கைதட்டல். மறுநாட்காலை அந்தப் படத்தின்மேல் இன்னொரு படம். சோம்பல் நாளுக்கு நம் தோழர் நால்வர் நள்ளிரவுவரை கண் விழித்துப் படம் எழுதினார்கள் என்றால், நம்மவர் சுறுசுறுப்பை என்னென்று புகழ்வது!

வேடிக்கையே வேண்டா என்று விரதம் பூண்டவன் அல்லன் நான். ஊரைவிட்டு வந்து ஆனேக்கல்லில் விடுதிச் சோறு உண்ணும் முதலாண்டு மாணவனுக்குப் பூனைப் படம் ஒன்று சிரிப்பூட்டுமாயின் ஊட்டட்டும். அவன் பக்கத்தில் அமர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் வேடிக்கை நாள்களுக்குள்ளும் உமியும் உண்டு, மணியும் உண்டு. மணியையும் உமியாக்கி ஊதிவிடுகிறோமே, அதுதான் என் வழக்கு.

இடக்கையர் நாளையே எடுத்துக்கொள்வோம். டீன் கேம்பல் என்பவர் 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு 13இல் தொடங்கி வைத்த நாள் அது. அன்று வெள்ளிக்கிழமை. பதின்மூன்றும் வெள்ளியும் கூடினால் தீமை என்று நடுங்கும் மேனாட்டாரின் மூடநம்பிக்கையை நையாண்டி செய்தாற்போலவும் ஆயிற்று. நாம் என்ன செய்தோம்? இடக்கையால் பந்தடிக்கும் ஆட்டக்காரர் ஒருவரின் படத்தை ஒட்டினோம். நம் வகுப்பறை நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தோமா? எழுதும் பலகை அத்தனையும் வலக்கைப் பக்கம்! மூன்று மணி நேரத் தேர்வில் உடலை முறுக்கி, முழங்கைக்குத் தாங்கலின்றி எழுதும் தோழியர் தோழர் நம் மன்றத்திலேயே இருக்கின்றனர். “இடக்கையால் கொடுக்காதே” என்று வீட்டில் அடி வாங்கியவர்களும் அவர்களே. பத்து நாற்காலிகளுக்குப் பலகையை இடப்பக்கம் மாற்றித் தாருங்கள் என்று அன்று ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால், அந்த நாள் நாளாகியிருக்கும்.

அதே ஆகஸ்டு 13க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதைச் சொல்வதற்கு நான்கு நாள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தாரின் முயற்சியால் 1991இல் அமைந்த அந்தச் சிலை, எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்தது. பதினெட்டு ஆண்டு! இன்று நம்மோடு முதலாண்டில் சேரும் ஒருவரின் முழு வயது அது. பிறகு 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், அந்நாளைய தமிழ்நாட்டு முதல்வர் மு. கருணாநிதி, கருநாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, சிலையைத் திறந்து வைத்தார். நான்கே நாளில், ஆகஸ்டு 13இல், சென்னை அயனாவரத்தில் கன்னடப் பெருங்கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். ஈரடியில் உலகை அளந்தவர் ஒருவர். மூவடியில் ஊரை இடித்துரைத்தவர் மற்றவர். இருவரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் விருந்தினராய்ப் போனார்கள். அரசியல் கணக்கு அதில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். கணக்குப் போட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும். வந்து சேர்ந்த நன்மையை நாம் ஏன் தள்ளவேண்டும்?

எல்லையோரத்தில் படிக்கும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஒசூர். காவிரிப் பேச்சுச் சூடேறும் ஆண்டுகளில் அந்தச் சாலையில் பேருந்து நின்றுபோவதையும், “இன்று வெளியே தமிழில் உரக்கப் பேசாதே” என்று வீட்டார் தொலைபேசியில் கெஞ்சுவதையும் அறிந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் ஆகஸ்டு 9ஐயும் 13ஐயும் மறந்துவிட்டுப் பூனைக்கும் நாய்க்கும் வாழ்த்துரைப்பது எனக்கு விளங்கவில்லை.

இடையில் வரும் ஆகஸ்டு 12 மிகப் பெரிய நாள். ஐக்கிய நாடுகள் அவை 1999இல் அறிவித்த உலக இளைஞர் நாள் அது. அதற்கு ஆண்டுதோறும் நம் மன்றத்தில் சொற்பொழிவு உண்டு, கொட்டாவியும் உண்டு. அந்நாளே நம் நாட்டு நூலகர் நாள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனின் பிறந்த நாள் அது. அவர் பிறந்தது ஆகஸ்டு 9 என்று சொல்வாரும் உளர். பள்ளி ஏட்டுக்கும் உண்மைக்கும் இடைவெளி நம்மவர்க்குப் புதிதா என்ன! கணக்கு ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் உலகுக்கு அளித்தார். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்திற்குப் பின்னால் நின்ற உழைப்பும் அவருடையதே. தம் முதுமையை அவர் கழித்தது பெங்களூரில். நூலகவியல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நடுவத்தை 1962இல் இங்கேதான் நிறுவினார். 1972 செப்டம்பர் 27இல் இங்கேதான் மறைந்தார். தமிழ் மண் கன்னட மண்ணுக்குக் கொடுத்த கொடை அவர். அவருக்கு இடங்கொடுத்தது கன்னட மண் நமக்குச் செய்த சிறப்பு. நூல் பூட்டி வைப்பதற்கன்று, எடுத்துப் படிப்பதற்கே என்பது அவருடைய முதல் விதியின் கருத்து.

இந்த இடத்தில் நம் மன்ற அறையின் மூலையிலுள்ள இரும்பு அலமாரியை நினைவுபடுத்த விரும்புகிறேன். முன்னைய மாணவர்கள் விட்டுச்சென்ற தமிழ் நூல்கள் அதில் உறங்குகின்றன. பூட்டுத் துருவேறிவிட்டது.

இன்னும் ஒன்று. 2012 முதல் அதே ஆகஸ்டு 12 உலக யானைகள் நாளும் ஆகும். ஆனேக்கல் என்றால் ‘யானைக்கல்’ என்றுதான் நம்மவர் பலர் பொருள் சொல்கின்றனர். ஆனெ யானைதான், கல்லு கல்தான். எனினும் இரண்டும் சேர்ந்தால் கன்னடத்தில் ஆலங்கட்டி மழையின் கல்லைக் குறிக்கும். பெயர்ப் பொருள் எதுவாயினும் இவ்வட்டத்தில் மெய்யான யானைகள் உண்டு. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவை கூட்டமாகப் போய்வருகின்றன. கேழ்வரகு முற்றும் காலத்தில் இரு மாநில உழவரும் ஒரே பரணில் ஏறியதுபோல் ஒரே அச்சத்தோடு விழித்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னால், நம் வழக்கமான இளைஞர் நாள் சொற்பொழிவினும் செவிக்குச் சுவையாயிருக்கும்.

ஆகஸ்டு 22 சென்னை நாளும் உண்டு. 1639ஐ நினைவுகூரும் அதைக் கொண்டாடச் சென்னைத் தோழர்களே போதும். அவர்களை யாராலும் தடுக்க முடியாது!

‘வேடிக்கை போனால் கூட்டம் வராது’ என்கிறார் நம் துணைச் செயலாளர். அவர் சொல்வதில் பாதி உண்மை. எனவே பூனையைப் பலகையிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. பூனைக்குப் படம் போதும். ஆகஸ்டு 9 முதல் 13 வரையுள்ள ஐந்து நாளுக்குச் செயல் வேண்டும். 9ஆம் நாள் கன்னட மாணவர் சங்கத்தாரையும் அழைத்துக்கொண்டு அல்சூர் செல்வோம். 13ஆம் நாள் அவர்கள் நமக்குச் சர்வக்ஞரைப் படித்துக் காட்டட்டும். நாம் அவர்களுக்குக் குறளைச் சொல்வோம். அன்றே நாற்காலி விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்குவோம்.

அலமாரியின் சாவி சென்ற ஆண்டுப் பொருளாளரிடம் இருப்பதாகக் கேள்வி. கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால், ஆகஸ்டு 12 காலை பத்து மணிக்குச் சுத்தியலோடு வருகிறேன். பூட்டு உடைக்க இருவரும், தூசு தட்ட நால்வரும், நூல்களுக்குப் பட்டியல் எழுத ஒருவரும் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் விடுதி உணவறையில் என்னைக் காணலாம்.